கர்னல் டாண்டிக்கு எதிராக விழுந்த பதினொரு ஓட்டுகள்

தேர்தல் நாளன்று கெண்டக்கியில் ஒரு ஆண்பிள்ளை குடிக்காமல் இருந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் இருந்தேன். ஒரு சொட்டு விஸ்கி நாக்கில் படவில்லை. விழுகிற ஒவ்வொரு ஓட்டையும் என் காதாலேயே எண்ணிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. ஆகவே போதையில் கண்டது என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். தூக்கத்தில் கண்டதும் இல்லை. நடந்தது பட்டப்பகலில், ஊர் நடுவில், கோர்ட்டுக் கட்டடத்தின் வராந்தாவில்.

1871-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை. மாநிலச் சட்டசபைக்குத் தேர்தல். ஒரு பக்கம் நான், லாண்டர் ப்ரூவிட். எதிர்ப்பக்கம் அம்புரோஸ் டாண்டி. ஊருக்கு அவன் கர்னல் டாண்டி. எனக்கு அவன் பக்கத்துப் பண்ணைப் பையன்.

அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அவன் விதைத்தால் மழை வரும். அவன் வாங்கிய குதிரை ஓடும், நான் வாங்கிய குதிரை நொண்டும். போர் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் ஒரு குதிரைப்படைக் கம்பெனி சேர்ந்தது. தாங்களாகச் சேர்ந்த படையில் கேப்டனை ஆட்களே தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். அவனையும் என்னையும் ஒரு புல்வெளியில் தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். யார் வேண்டுமோ அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள் என்றார்கள். எனக்குப் பின்னால் ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் என் மாமன் மகன்கள். ஒருவனுக்குக் காது கேட்காது.

மற்ற அத்தனை பேரும் என்னைக் கடந்து அவனிடம் போனார்கள். மலைப்பக்கத்து ஓடைக்கரைப் பையன்கள். அவர்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. முதுகுகள்தான் ஞாபகம்.

நான் கோபித்துக்கொண்டு வேறொரு படையில் சேர்ந்தேன். மாவும் உப்பிட்ட பன்றிக்கறியும் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை. அவன் கேப்டனாகப் போனான், கர்னலாகத் திரும்பினான். நான் மாவோடு போனேன், மாவோடு திரும்பினேன். நான் திரும்பி வருவதற்குள் லவினியா அவன் மனைவியாகியிருந்தாள். அந்த விஷயத்தை விடுங்கள்.

போர் முடிந்த கோடையிலேயே தேர்தலில் நின்றான், ஜெயித்தான். அடுத்த தடவையும் ஜெயித்தான். அதற்கு அடுத்த தடவையும். ஒவ்வொரு முறையும் முடிவைப் படித்ததும் எல்லோர் முன்னாலும் அழுவான். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுவான். "பாருடா, எவ்வளவு நன்றி உள்ள மனுஷன்!" என்று ஊர் உருகும். நான் கூட்டத்தின் பின்னால் நின்று பல்லைக் கடிப்பேன். ஜெயித்தது போதாதென்று அழுகை வேறு!

1871 ஜூன் மாதம் கட்சிக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"கர்னலை எதிர்த்து நீங்கதான் நிக்கணும், மிஸ்டர் ப்ரூவிட்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எப்போது என்று கேட்டேன்.

எங்கள் மாநிலத்தில் ஓட்டு வாயால் போடுவது. சீட்டில் எழுதி மடித்துப் பெட்டிக்குள் போடுவதெல்லாம் வடக்கத்திக்காரர்களின் கோழைத்தனம். இங்கே வராந்தாவில் மேஜை போட்டு எழுத்தர் உட்காருவார். பக்கத்தில் ஷெரிஃப். இரண்டு பக்கமும் நாற்காலியில் வேட்பாளர்கள். ஓட்டுப் போடுகிறவன் படியேறி வந்து, தன் பெயரைச் சொல்லி, யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்ட வேட்பாளர் உடனே எழுந்து தொப்பியைக் கழற்றுவார். கை கொடுப்பார். "கடமைப்பட்டேன் ஐயா, இனி நான் உங்க ஆளு" என்பார். அதைச் சொல்லாதவனுக்கு அடுத்த தடவை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

காலையிலிருந்து வெயில் வறுத்தெடுத்தது. ஆறு வாரமாக மழை இல்லை. புல்வெளியில் பெரிய இரும்புக் கொப்பரைகளில் அணில் கறியும் சோளமும் போட்டுப் பர்கூ என்கிற கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் விஸ்கிப் பீப்பாய். படியேறி ஓட்டைச் சொன்னவன் நேரே பீப்பாய்க்குத்தான் போவான்.

ஒரு கிழவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அம்புரோஸ் டாண்டிக்கு! போன தடவையும் அவனுக்குத்தான், அடுத்த தடவையும் அவனுக்குத்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா ப்ரூவிட்டு, மாவு நல்லாத்தானே அளந்துக்கிட்டிருந்தே? அதையே பண்ணக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. எழுத்தர் எஸ்டில்கூடப் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தார். டாண்டி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கை கொடுத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தவன் அடுப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தோற்கப் போகிறோமோ என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன். ஆஹா, எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

மத்தியானம் கடந்தது. அவன் ஒன்பது ஓட்டு முன்னால் இருந்தான். வெறும் ஒன்பது! இன்னும் பத்துப் பேர் வந்தால் போதும். பத்தே பேர். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களில் பத்துப் பேரை மட்டும் எனக்குக் கொடு என்று கடவுளிடம் கேட்டேன். கடவுளிடம்தான் கேட்டேன். கேட்டது யார் காதில் விழுந்ததோ தெரியாது.

கோர்ட்டு மணி ஐந்து அடித்தது. கூட்டம் முழுக்கக் கொப்பரைகளைச் சுற்றிப் போய்விட்டது. வராந்தாவில் நாங்கள் நான்கே பேர். ஷெரிஃப் பூகர் தூணில் சாய்ந்து அரைக்கண் மூடியிருந்தார். எஸ்டில் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு அடியில் படுத்திருந்த ஷெரிஃபின் வேட்டை நாய்கள் திடீரென்று எழுந்தன. குரைக்கவில்லை. வயிறு தரையில் உரச, தவழ்ந்து தவழ்ந்து வெளியே போயின. அப்புறம் ஓடின.

ஒருவன் படியேறி வந்தான்.

அந்தப் படிகள் பழைய பலகை. காலையிலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் கிறீச் கிறீச் என்று கத்தின. இவனுக்குக் கத்தவில்லை.

இருபது வயதிருக்கும். அந்த வெயிலில் மஞ்சள் பட்டை தைத்த குதிரைப்படைக் குட்டைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். போர்க்கால உடுப்பைத் தேர்தலன்று போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டாண்டியின் ஆள், அவனுக்குத்தான் போடப் போகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சைரஸ் போக்," என்றான். குரல் தாழ்ந்து இருந்தது. "லாண்டர் ப்ரூவிட்டுக்கு."

என் காதை நான் நம்பவில்லை. டாண்டியின் ஆள்... எனக்கு! துள்ளி எழுந்தேன். தொப்பியைக் கழற்றினேன். அவன் கையைப் பிடித்தேன்.

கை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஆனால் வியர்வை இவ்வளவு குளிராக இருக்காது.

"கடமைப்பட்டேன் ஐயா. இனி நான் உங்க ஆளு."

அவன் தலையாட்டினான். பீப்பாய்ப் பக்கம் போகவில்லை. என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான்.

எஸ்டில் எழுதவில்லை. பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அயோக்கியன், டாண்டியின் கைக்கூலி, முடிவு படிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவினேன்.

அடுத்தவன் வந்தான்.

"எல்கானா ஸ்னெல். லாண்டர் ப்ரூவிட்டுக்கு."

அதே உடுப்பு. அதே குளிர்ந்த கை. கால்சராய் இடுப்புவரை கறுத்து நனைந்திருந்தது. அவன் நின்ற பலகையில் ஈரம். ஆறு வாரமாக மழை இல்லாத ஊரில்...

"கடமைப்பட்டேன் ஐயா. இனி நான் உங்க ஆளு."

அவனும் எனக்குப் பின்னால் போனான்.

மூன்றாவது ஆள். நான்காவது ஆள். ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. பர்கூ வாடை போயே போய்விட்டது. முற்றத்தில் கட்டியிருந்த குதிரைகள் எல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன.

எனக்கு உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து. ஆறு. டாண்டியின் முகம் எப்படி இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. அவனும் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏழு.

எட்டு.

ஒன்பதாவது ஆளின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... மேஜையில் விரித்திருந்த தாளின்மேல் விழுந்தது. தாள் நனையவில்லை.

இருந்தும் சொன்னேன். "கடமைப்பட்டேன் ஐயா..."

பத்து. சமம் தாண்டிவிட்டேன். ஜெயித்துவிட்டேன்!

பதினொன்றாவது பையன் மிகச் சின்னவன். பதினாறு இருக்கும். கழுத்தில் ஊதுகொம்பு தொங்கியது. வாயைத் திறந்தான். முதலில் தண்ணீர் வந்தது.

அப்புறம் என் பெயர் வந்தது.

என் கை தானாக நீண்டது. அந்தப் பிடி... இன்னும் என் விரல்களில் இருக்கிறது.

"இனி... நான் உங்க ஆளு."

அவனும் பின்னால் போனான்.

என் கழுத்தில் ஒரு மூச்சுக்கூடப் படவில்லை. அத்தனை பேர் நெருக்கி நிற்கிறார்கள், மூச்சு இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோர்ட்டு மணி ஆறு அடித்தது. ஷெரிஃப் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. எஸ்டில் எழுந்து படித்தார். அம்புரோஸ் டாண்டி, ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில்.

"திருட்டுத்தனம்!" என்று கத்தினேன். "கடைசியா எனக்கு விழுந்த பதினொரு ஓட்டு எங்கே?"

எஸ்டில் விழித்தார். "எந்தப் பதினொண்ணு? அஞ்சு மணிக்கு மேல ஒரு ஈ காக்கா ஏறலையே."

"படைக்காரப் பசங்க! ஒருத்தன் ஒருத்தனா வந்தாங்களே! ஷெரிஃப், நீங்க பாக்கலையா?"

பூகர் தாடியைச் சொறிந்தார். "நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு தொப்பியக் கழட்டினதைப் பாத்தேன். ஜெயிச்சா எப்படி வணங்குறதுன்னு பழகிப் பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

ஊர் முழுக்கச் சிரித்தது. பெண்கள் வண்டியில் உட்கார்ந்தபடி விசிறியால் வாயை மூடிச் சிரித்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்றில் லவினியா இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

டாண்டி என் அருகே வந்தான். அந்த முகத்தில் இரத்தமே இல்லை. காதோடு கேட்டான்.

"எத்தனை பேருடா லாண்டர்?"

"பதினொண்ணு."

"கை கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"அந்த வார்த்தையைச் சொன்னியா? எல்லாருக்கும்?"

"சொல்லாம இருப்பேனா?"

ஒரு பெருமூச்சு விட்டான். தலைச்சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு. அந்த வருஷம் அவன் அழவில்லை. ஜெயித்து முதல் தடவையாகச் சிரித்தான். விஸ்கி கேட்டான். அன்று மாலை அவன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடவில்லை, புல்வெளி நடுவில் போட்டு உட்கார்ந்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன்.

நிழலில்லாத சாலை. என் காலடிச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. ஆனால் புழுதியில்... வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து லவினியா ஆளனுப்பினாள். மத்தியானம் காப்பிக்கு வரச் சொல்லி. சிரிக்காதீர்கள், நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தலைக்கு எண்ணெய்கூடத் தடவிக்கொண்டேன்.

கூடத்தில் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன.

"கன்சாஸுக்குப் போறோம்," என்றாள். "அவர் பதவியை ஒப்படைச்சுட்டார். போறதுக்கு முன்னால உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கா? எதுக்கு?"

அவள் காப்பியை ஊற்றினாள். "அன்னிக்கு முதல்ல வந்தது யாரு? சைரஸ் போக்கா?"

அந்தப் பெயரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அப்புறம் எல்கானா ஸ்னெல். கடைசியில கொம்பு ஊதுற பையன். எப்பவும் அதே வரிசைதான். தண்ணிக்குள்ள போன வரிசை."

அவள் சொன்னது இது: அறுபத்து மூன்றில், போரின் நடுவில், கம்பர்லேண்ட் ஆறு வெள்ளம் கண்டிருந்தது. படகு வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். டாண்டி கேட்கவில்லை. வேறொரு கம்பெனியின் கேப்டன் ஏற்கெனவே அக்கரை சேர்ந்துவிட்டான். பெயரெல்லாம் அவனுக்குப் போய்விடும். டாண்டி குதிரைகளை ஆற்றில் இறக்கச் சொன்னான். பதினொரு பேர் கரையேறவில்லை.

"அம்புரோசுக்குப் பொறாமையா?" என்றேன்.

"ஏன், அது உங்க ஒருத்தர் சொத்தா?" என்றாள்.

போர் முடிந்து அவன் நின்ற முதல் தேர்தலிலேயே மூழ்கிய அந்தப் பதினொரு பேரும் படியேறி வந்து அவன் பெயரைச் சொன்னார்களாம். அவனும் கை கொடுத்து அந்த வார்த்தையைச் சொன்னானாம். அன்றிலிருந்து அவர்களும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒன்றும் செய்ய மாட்டார்கள். உத்தரவுக்குக் காத்திருப்பார்கள்.

"உயிரோட இருந்தவங்களுக்குப் படையிலேர்ந்து விடுதலை குடுத்தாங்க. இவங்களுக்கு யாரு குடுப்பா? கேப்டன் சொன்னாத் தண்ணியில எறங்கினவங்க. மறுபடி எங்க எறங்கணும்னு கேட்டு நிக்கறாங்க." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ஓட்டுப் போட்டு வந்தவங்க, ஓட்டுப் போட்டாத்தான் போவாங்கன்னு அவர் கண்டுபிடிச்சார். அதுக்காகத்தான் ஒவ்வொரு தேர்தல்லயும் நின்னார். அந்தப் பதினோரு ஓட்டையும் இன்னொருத்தருக்குத் தோக்கத்தான் நின்னார்."

"மூணு தடவை எதிர்த்து நின்னாங்களே?"

"நின்னாங்க. ஒரு வக்கீல், ஒரு புகையிலை வியாபாரி, ஒரு பாதிரி. யாருக்கும் நெஜமா ஆசை இல்ல. அவங்களை இந்தப் பசங்க திரும்பிக்கூடப் பாக்கல." கோப்பையைத் தட்டில் வைத்தாள். "போன வருஷம் ஒரு நாள் சொன்னார். எங்கிட்ட இருக்கறதை எல்லாம், ஒண்ணு விடாம, வேணும்னு நெனைக்கிறவன் இந்த மாவட்டத்துல ஒருத்தன் இருக்கான் லவினியான்னு."

நான் கோப்பையைத் தொடவில்லை.

"ஜூன் மாசம் கட்சிக்காரங்களை உங்க வீட்டுக்கு அனுப்பினது அவர்தான், லாண்டர்."

அவர்கள் போய்விட்டார்கள். காலியான இடத்துக்கு நடந்த தேர்தலில் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. டாண்டியின் வீட்டையும் நானே வாங்கினேன். அவனுடைய நாற்காலி, அவனுடைய மேய்ச்சல் நிலம், அவனுடைய பதவி. கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. இப்போது பொழுது சாய்கிற நேரம். முற்றத்துப் புல் நனைந்து கிடக்கிறது. என் சமையல்காரி ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சின்னப் பையன் இன்று வரிசையை விட்டு ஓரடி முன்னால் நிற்கிறான்.

வருகிற தேர்தலுக்கு நிற்கிறேன். வெள்ளைக் குதிரையும் வெள்ளிக் கடிவாளமுமாக ஊர் ஊராகப் போகிறேன். கைதட்டுகிறார்கள். நான் கூட்டத்தில் கண்களைத் தேடுகிறேன். அன்பாகப் பார்க்கிறார்கள், மரியாதையாகப் பார்க்கிறார்கள், சிலர் பாவம் என்று பார்க்கிறார்கள். எரிகிற கண் ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்று நினைக்க ஒரு ஆள் இல்லை.

வீட்டில் எட்டு அறை. ஓடைவரை புல்வெளி. மாவட்டத்திலேயே நல்ல குதிரைகள் என்னுடையவை. தெருவில் நடந்தால் தொப்பியைத் தொடாத ஆள் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு என்மேல் கொஞ்சமாவது பொறாமை வந்திருந்தால், ஆகஸ்டுக்கு முன்னால் தயவுசெய்து வாருங்கள். என்னை எதிர்த்து நில்லுங்கள். உங்களுக்காக நானே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறேன்.